பச்சை ஸ்க்ரப்பர் போட்டுத் தேய்த்த கார்: பெயிண்ட் அடிக்காமல் சரி செய்ய முடியுமா?

மாமரத்தடி (எருத்தேம்பதி)

எல்லோருக்கும் வணக்கம். நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எருத்தேம்பதியில் இருக்கிறேன். தமிழ் மீடியம் பள்ளியில் டீச்சர். கார் விஷயம் எனக்கு அதிகம் தெரியாது. அதனால் நடந்ததை முழுசாகவே சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுக்கு 71 வயது. பால் சொசைட்டியில் 31 வருஷம் கணக்கு எழுதினவர். ரிட்டயர் ஆன பிறகு, 2018-ல் கருநீல மெட்டாலிக் நிறத்தில் ஒரு பலேனோ வாங்கினார். அவர் வாழ்க்கையில் வாங்கிய முதல் கார் அதுதான்.

எங்கள் வாசலில் பெரிய மாமரம் ஒன்று உண்டு. கார் நிற்பது அதன் கீழே. மார்கழியிலும் தையிலும் மரம் பூக்கும்போது தத்துப்பூச்சி வந்துவிடும். அது கழிக்கிற தேன் மாதிரியான பிசின் பொடித் தூறலாக இறங்கிக்கொண்டே இருக்கும். அதே மாதங்களில்தான் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும். தோட்டத்து மண் முழுக்க அந்தப் பிசினில் வந்து ஒட்டிக் கொண்டது, மேலே கரும்பூஞ்சையும் படிந்தது. வெறும் தண்ணீருக்குப் போகவே இல்லை.

பொங்கலுக்கு உடுமலையிலிருந்து அத்தை குடும்பம் வருவதாக இருந்தது. அதற்குள் வண்டி பளிச்சென்று இருக்க வேண்டும் என்று அப்பா விடியற்காலையில் எழுந்து, பாத்திரம் தேய்க்கிற பச்சை ஸ்க்ரப்பரையும் பாத்திர சோப்பையும் எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் தேய்த்திருக்கிறார். ஈரமாக இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. வெயில் ஏறிக் காய்ந்ததும் பானெட், முன் கதவு இரண்டும், டிரைவர் பக்கப் பின் கதவும் சாம்பல் பூசின மாதிரி வெளுத்துப்போய் நின்றன. பக்கத்தில் போய்ப் பார்த்தால் அத்தனையும் கீறல், வட்டம் வட்டமாக. டிரைவர் பக்கக் கைப்பிடிக்குக் கீழே மட்டும் நான்கு கோடு நகத்தில் தட்டுப்படுகிறது.

இரண்டு இடத்தில் கேட்டேன். ஒருவர் நான்கு பேனலுக்கும் புதுசாகப் பெயிண்ட் அடிக்க வேண்டும், 28,000 ஆகும் என்றார். இன்னொருவர் ஒரு பாலீஷ் போட்டால் போய்விடும், 1,500 போதும் என்றார். ஒரே கீறலுக்கு எப்படி இவ்வளவு வித்தியாசம்? எது உண்மை?

அப்பா யாரிடமும் ஒன்றும் பேசவில்லை. காருக்குக் கவர் போட்டு மூடிவிட்டார். தினமும் காலையில் கொழிஞ்சாம்பாறை வரை காரில் போய் டீ குடித்துவிட்டு வருவார். இப்போது பஸ்ஸில் போகிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வாளையார்வழி

டீச்சர், முதலில் ஒன்று. இன்சூரன்ஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அவசரப்பட வேண்டாம். 2018 வண்டி, இதுவரை க்ளெய்ம் எதுவும் எடுக்கவில்லை என்றால் உங்கள் நோ க்ளெய்ம் போனஸ், அதாவது க்ளெய்ம் எடுக்காததற்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி, 50 சதவீதத்தில் நிற்கும். ஒரு க்ளெய்ம் எடுத்தாலே அது பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஐந்து வருஷம் மறுபடி ஏற வேண்டும். தவிர, இது விபத்தும் இல்லை. இல்லாத விபத்தை எழுதிக் கொடுக்கச் சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

நீலவானம் (சித்தூர்)

அந்த 1,500 ரூபாய் பாலீஷ் நான் போட்டவன். என்னுடையது கறுப்பு வண்டி. டெலிவரி எடுக்கும்போது கண்ணாடி மாதிரி இருந்தது, முகம் பார்க்கலாம். மூன்றாவது தடவை கழுவியதும் பழைய கீறல் அத்தனையும் திரும்ப வந்துவிட்டது. கீறலை எடுக்கவில்லை, எண்ணெயும் மெழுகும் வைத்து அடைத்திருக்கிறார்கள். அதோடு பானெட் ஓரத்தில் மெஷினை ஒரே இடத்தில் நிறுத்தி வைத்ததில் ஒரு விரல் நீளத்துக்கு மேல் கோட்டே போய்விட்டது. இன்றைக்கும் அந்த இடத்தைப் பார்த்தால் வயிறு எரியும். நன்றாக விசாரித்துவிட்டுக் கொடுங்கள்.

மெழுகுத்துணி (பொள்ளாச்சி)

டீச்சர், நான் பொள்ளாச்சியில் டீடெய்லிங் வேலை, அதாவது காரைச் சுத்தம் செய்து பாலீஷ் போடும் வேலை செய்கிறேன், 9 வருஷமாக. உங்கள் கேள்வியைப் படித்ததும் முதலில் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: வாரத்துக்கு இரண்டு வண்டியாவது இதே பச்சை ஸ்க்ரப்பர் கதையோடு எங்களிடம் வருகிறது. தென்னை நாரால் தேய்த்து வந்ததும் உண்டு. பெரும்பாலும் சரியாகிவிடும்.

இரண்டு பேர் இரண்டு விலை சொன்னதற்குக் காரணம், இரண்டு பேருமே அளந்து பார்க்கவில்லை. காரின் தகட்டுக்கு மேலே முதலில் துருப்பிடிக்காமல் காக்கும் பூச்சு, அப்புறம் ப்ரைமர், அப்புறம் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத க்ளியர் கோட். எல்லாம் சேர்த்தே நம் ஊர்க் கார்களில் சுமார் 100 மைக்ரான்தான் வரும் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்), கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். அதில் க்ளியர் கோட் 40 மைக்ரான் அளவு. தலைமுடியை விட மெல்லிசு. ஸ்க்ரப்பரில் நைலான் நாரோடு அலுமினியம் ஆக்ஸைடு பொடியும் ஒட்டியிருக்கும். அது உப்புத்தாள் மாதிரி இந்த க்ளியர் கோட்டைத்தான் கீறியிருக்கிறது. நிறம் அடியில் பத்திரமாக இருக்கிறது. கீறலின் ஓரங்களில் வெளிச்சம் சிதறுவதால் உங்களுக்குச் சாம்பலாகத் தெரிகிறது.

இதற்கு சாட்சி நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஈரமாக இருந்தவரை தெரியவில்லை என்று. தண்ணீர் பள்ளத்தை நிரப்பியதும் மறைகிற கீறல் க்ளியர் கோட்டோடு நின்ற கீறல். நனைத்த பிறகும் வெள்ளையாகவோ சாம்பலாகவோ நிற்கிற கோடு ப்ரைமர் வரை போனது. கைப்பிடிக்குக் கீழே உள்ள அந்த நான்கையும் நனைத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

சரி, வேலை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். எங்கே கொடுத்தாலும் இதை வைத்து நீங்களே கேள்வி கேட்கலாம். முதலில் கழுவ வேண்டும், பாத்திர சோப்பில் இல்லை, கார் ஷாம்பூவில். அப்புறம் பிரேக் தூள் கரைய ஒரு திரவம் அடிப்பார்கள். இரும்புத் துகள் இருந்தால் ஊதா நிறமாக வழியும். அப்புறம் களிமண் மாதிரி ஒரு கட்டி, க்ளே பார், வழுக்குத் திரவத்தோடு தடவி ஒட்டியிருப்பதை எல்லாம் இழுத்தெடுக்க வேண்டும். உங்கள் மாம்பிசின் மிச்சம் அதில் வந்துவிடும். இதைச் செய்யாமல் பாலீஷ் மெஷின் வைத்தால் அந்த மண்ணே அதன் முனையில் உள்ள பேடில் சிக்கிப் புதுக் கீறல் போடும்.

அடுத்தது அளவு. ஒரு சின்னக் கருவி வைத்து ஒவ்வொரு பேனலிலும் பல இடத்தில் மைக்ரான் பார்க்க வேண்டும். அது மொத்தத் தடிப்பைத்தான் காட்டும், க்ளியர் கோட்டைத் தனியாகக் காட்டாது. பம்பர் பிளாஸ்டிக், அங்கே சாதாரணக் கருவி வேலை செய்யாது. அதனால் அப்பா தொடாத கூரையையும் அளந்து, அதோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய முடியும். கருவி இல்லாத கடை என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் பிடிவாதக்காரன்.

அப்புறம் இரண்டடிக்கு இரண்டடி ஒரு இடத்தை எடுத்துச் சோதனை. இருப்பதிலேயே மென்மையான ஃபோம் பேடும் பாலீஷும் வைத்து ஆரம்பிக்க வேண்டும். போகவில்லை என்றால் மட்டும் மைக்ரோஃபைபர் பேடும், பாலீஷை விடக் கரடான காம்பவுண்டும். எடுத்த எடுப்பிலேயே கம்பளிப் பேடை வைத்து அறுத்தால் சீக்கிரம் முடியும், ஆனால் தேவைக்கு மேல் போய்விடும். அந்த 40 மைக்ரானில்தான் வெயிலைத் தடுக்கிற மருந்து கலந்திருக்கிறது. அளவுக்கு மீறி எடுத்துவிட்டால் இரண்டு மூன்று கோடையில் மேல் கோட் உரிய ஆரம்பிக்கும், அப்போது பெயிண்டைத் தவிர வழி இல்லை. நீலவானம் சொன்ன ஓரம் எரிவது, ஒரே அச்சில் சுழல்கிற ரோட்டரி மெஷினைத் தெரியாமல் பிடிப்பதால் வருவது. ஓரங்களிலும் மடிப்புகளிலும் பெயிண்ட் மெல்லிசாகத்தான் உட்காரும், அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத்தான் மெஷின் எடுக்க வேண்டும். சுழன்றுகொண்டே ஆடுகிற டூயல் ஆக்‌ஷன் மெஷினில் சூடு குறைவு.

ஒவ்வொரு பகுதி முடிந்ததும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் கலந்த தண்ணீரால் துடைக்கச் சொல்லுங்கள். காம்பவுண்டில் உள்ள எண்ணெய் போய்விடும், கீறல் போனதா மறைந்ததா என்பது அப்போதுதான் தெரியும். கடைக்குள் ட்யூப் லைட்டில் பார்க்க வேண்டாம், வெயிலுக்குத் தள்ளிவந்து பாருங்கள்.

28,000 ரூபாய் பெயிண்ட் வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் செலவு மட்டும் இல்லை. கம்பெனியில் வெறும் பாடியாக இருக்கும்போது பெயிண்டைச் சுமார் 140 டிகிரியில் வைத்துச் சுடுகிறார்கள். ஒர்க் ஷாப்பில் ஒயரும் பிளாஸ்டிக்கும் இருப்பதால் 60, 70 டிகிரிக்கு மேல் போக முடியாது. முதல் பெயிண்ட் முதல் பெயிண்டுதான். அதிலும் மெட்டாலிக் நீலம் பக்கத்துப் பேனலோடு ஒத்துப்போவது கஷ்டம்.

கடைசியாக ஒன்று: அந்தக் கவரை உடனே எடுத்துவிடுங்கள். மண் படிந்த வண்டியின் மேல் கவர் காற்றில் ஆடினால் அதுவும் தேய்ப்புதான்.

மாமரத்தடி

ரொம்ப நன்றி. நேற்று சாயங்காலம் அப்பாவையே கூப்பிட்டு, ஒரு சொம்புத் தண்ணீரைக் கதவில் ஊற்றிக் காட்டினேன். கீறல் எல்லாம் மறைந்துவிட்டது, கைப்பிடிக் கோட்டில் இரண்டு மட்டும் நின்றது. அப்பா இன்னொரு சொம்பு எடுத்து வந்து பானெட்டில் அவரே ஊற்றிப் பார்த்தார். கவரை மடித்து வைத்துவிட்டார்.

செராமிக் கோட்டிங் போட்டால் கீறலே விழாது என்று ஒருவர் சொல்கிறார், உண்மையா? மெழுகுத்துணி அண்ணா, இந்த மாதிரி வேலைக்கு எத்தனை நாள் ஆகும்?

மெழுகுத்துணி

நான்கு பேனலுக்கு இரண்டு நாள். ஒரே நாளில் தருகிறேன் என்பவரை நம்ப வேண்டாம்.

செராமிக் என்பது சிலிக்கா கலந்த ஒரு மெல்லிய பூச்சு. தண்ணீர் நிற்காது, பிசினும் பறவை எச்சமும் சுலபமாகக் கழன்று வரும், உங்கள் மாமரத்துக்கு அது நல்லது. ஸ்க்ரப்பரைத் தாங்காது. ஏற்கெனவே இருக்கும் கீறலை மறைக்கவும் செய்யாது, அப்படியே உள்ளே வைத்து மூடிவிடும். அதனால் திருத்தம் முடிந்த பிறகுதான். கல் தெறிப்பதைத் தாங்குவது பிபிஎஃப் என்கிற பாலியூரித்தேன் படலம். விலை பல மடங்கு, உங்களுக்குத் தேவை இல்லை.

நனைத்தும் நிற்கிற அந்த இரண்டு கோட்டையும் மெஷினில் துரத்த வேண்டாம். அந்த இடத்தில் மட்டும் அதே நிறப் பெயிண்டைத் தொட்டு வைக்கிற டச்-அப் போதும்.

மாமரத்தடி (மூன்று வாரம் கழித்து)

வேலை முடிந்தது. கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்கு நாங்களே ஓட்டிப் போனோம். இரண்டு நாளும் அப்பா கடையிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். பழைய கணக்கர் இல்லையா, அளவு எடுக்க எடுக்க ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தார். கூரை 112, பானெட் 104, டிரைவர் கதவு 106. க்ளீனர் பக்கப் பின் கதவில் மட்டும் 230 காட்டியது. கேட்டால், 2021-ல் கேட் தூணில் உரசித் தனியாகப் பெயிண்ட் அடித்தாராம். எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ஃபோமும் பாலீஷும் வைத்த சோதனையில் முக்கால்வாசி போனது. மிச்சத்துக்கு மைக்ரோஃபைபர் பேட் வைத்தார்கள். முடிந்த பிறகு பானெட் 101. அப்பா நோட்டில் "செலவு 3 மைக்ரான்" என்று எழுதியிருக்கிறார். கைப்பிடிக்குக் கீழே நான்கில் இரண்டு நன்றாக மங்கிவிட்டது. மற்ற இரண்டுக்கும் வண்டியின் பெயிண்ட் நிறக் குறியீட்டைப் பார்த்து மெல்லிய பிரஷ்ஷால் தொட்டுவிட்டார்கள். குனிந்து பார்த்தால் தெரியும், பரவாயில்லை. வெயிலில் தள்ளிவந்துதான் பார்த்தோம். செராமிக்கும் சேர்த்து 13,500 ஆனது. ஒரு வாரம் ஷாம்பூ போடக் கூடாது என்றார்கள்.

அப்பா இப்போது வண்டியை மரத்துக்கு மேற்கே, மாட்டுக் கொட்டகை ஓரமாக நிறுத்துகிறார். ஒரு வாளி சோப்புக்கு, ஒரு வாளி துணி அலச என்று இரண்டு வாங்கி வைத்துவிட்டார். எங்கள் போர் தண்ணீர் உப்பு, காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழுகிறது. அதற்கு என்ன செய்யலாம் என்று அப்பா கேட்கச் சொன்னார்.

மெழுகுத்துணி

சோப்புப் போட்டுக் கழுவுவது போர் தண்ணீரிலேயே இருக்கட்டும் டீச்சர். கடைசி அலசலுக்கு மட்டும் குடிநீர்க் குழாயில் பிடித்தது இரண்டு குடம் போதும். வெயில் ஏறுமுன் கழுவி, தானாகக் காய விடாமல் மைக்ரோஃபைபர் துணியை மேலே விரித்து ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள், தேய்க்க வேண்டாம். ஏற்கெனவே விழுந்த புள்ளிக்கு வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து துணியில் நனைத்து ஒரு நிமிஷம் வைத்துவிட்டு உடனே அலச வேண்டும். அதுவும் இந்த ஒரு வாரம் கழிந்த பிறகு. அந்த நோட்டைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள், அடுத்த தடவை யார் மெஷின் பிடித்தாலும் அந்தக் கணக்கு வேண்டும்.