ஆர்பிட்டால்: சுற்றகமா, முகிலமா, அலையமா?
(டெல்லியின் கரோல் பாக், மயூர் விகார் பகுதிகளிலிருந்து இருவரின் கலைச்சொல் உரையாடல்)

கரோல் பாக்:
நண்பர்களே, அணுவில் எலக்ட்ரானின் நிலையைக் குறிக்கும் 'ஆர்பிட்டால்' (orbital) என்ற சொல்லுக்கு நம் கலைச்சொல் பட்டியலில் 'சுற்றகம்' வேண்டாம் என்பது என் கருத்து. எலக்ட்ரான் சுற்றுவது இயற்பியலாளர் நீல்ஸ் போர் 1913-இல் தந்த படம். அதில் ஹைட்ரஜனின் எலக்ட்ரான் அணுக்கருவிலிருந்து 52.9 பிக்கோமீட்டர் தள்ளி வட்டமடிக்கும். 1926-இல் எலக்ட்ரானை அலையாக விவரிக்கும் ஷ்ரோடிங்கர் சமன்பாடு வந்ததும் அந்தப் பாதையே இல்லாமல் போயிற்று. ஹைட்ரஜனின் மிகத் தாழ்ந்த ஆற்றல் நிலையான 1எஸ்-இல் கோண உந்தம், அதாவது சுற்றும் இயக்கத்தின் அளவு, பூஜ்யம். எலக்ட்ரான் சுற்றவே இல்லை. 52.9 என்பது அது அகப்பட மிகுந்த வாய்ப்புள்ள தொலைவு, அவ்வளவுதான். 90 விழுக்காடு வாய்ப்பை அடக்க ஏறத்தாழ 141 பிக்கோமீட்டர் ஆரமுள்ள கோளம் வேண்டும்.

இங்கே டெல்லியில் இந்தி வழியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்குச் சுற்றுப்பாதையைக் குறிக்கும் 'கக்ஷா', ஆர்பிட்டாலைக் குறிக்கும் 'கக்ஷக்' இரண்டும் ஒரே வேர். நாமும் 'சுற்றுப்பாதை, சுற்றகம்' என்று வைத்தால், இரு மடல் கொண்ட 2பி ஆர்பிட்டாலை வரையச் சொல்லும்போது எட்டு வடிவத்தில் எலக்ட்ரான் ஓடுவதாக அம்புக்குறி போடுவார்கள். எலக்ட்ரான் முகில்போலப் பரவியிருப்பதால் என் பரிந்துரை 'முகிலம்'.

மயூர் விகார்:
ஐயா, சுற்றகத்தைத் தள்ளியது சரி. ஆனால் முகில் என்பது அடர்த்தி, அதாவது அலைச்சார்பின் (எலக்ட்ரானை அலையாக விவரிக்கும் கணிதச் சார்பின்) வர்க்கம். அதற்கு எதிர்க்குறி கிடையாது. ஆர்பிட்டாலுக்கு உண்டு: 2பி-யின் ஒரு மடல் நேர்க்குறி, மற்றது எதிர்க்குறி, இடையே அலைச்சார்பு பூஜ்யமாகும் கணுத்தளம். இரண்டு ஹைட்ரஜன் 1எஸ்களை ஒரே குறியோடு கூட்டினால் கருக்களுக்கு நடுவே அடர்த்தி பெருகிப் பிணைப்பு உண்டாகும். எதிரெதிர்க் குறியோடு கூட்டினால் நடுவில் கணுத்தளம் விழும், அது எதிர்ப்பிணைப்பு. முகிலோடு முகில் சேர்ந்தால் பெருகும், ஒன்றையொன்று அழிக்காது. வேதிப்பிணைப்புப் பாடம் அங்கேயே முட்டிக்கொள்ளும்.

1932-இல் வேதியியலாளர் ராபர்ட் முல்லிக்கன் ஆர்பிட்டால் என்ற சொல்லைக் கொண்டுவந்ததே, ஓர் எலக்ட்ரானின் அலைச்சார்பைச் சுருக்கிச் சொல்லத்தான். ஆகவே 'அலையம்' என்போம். மூலக்கூறு அலையம், இனக்கலப்பு அலையம், எதிர்ப்பிணைப்பு அலையம் எல்லாம் நன்றாகவே அமைகின்றன.

கரோல் பாக்:
குறி பற்றிச் சொன்னது வலுவான காரணம். முகிலத்தை விட்டுவிடுகிறேன். அலையத்தில் சொற்புணர்ச்சியை மட்டும் கவனியுங்கள். சேர்த்தெழுதினால் 'அணுவலையம்' ஆகும். படிப்பவர் வலை என்றோ வளையம் என்றோ பிரிப்பார். எப்போதும் 'அணு அலையம்' என்று இடம்விட்டே எழுத வேண்டும். தட்டச்சில் 'ஆலயம்' நுழையும், மெய்ப்புப் பார்ப்பவர் தேடிப் பிடிக்கட்டும். 'மின்னலையம்' என்று நீட்ட வேண்டாம், மின்காந்த அலையோடு மயங்கும்.

மயூர் விகார்:
ஒப்புக்கொள்கிறேன். பட்டியலில் இப்படிச் சேர்க்கிறேன்: "அலையம்: அணுவிலோ மூலக்கூறிலோ ஓர் எலக்ட்ரானுக்குரிய அலைச்சார்பு, இதன் வர்க்கம் எலக்ட்ரான் அகப்படும் நிகழ்தகவின் அடர்த்தி." படங்களில் இரு குறிகளுக்கும் இரு நிறம் கட்டாயம். ஷெல்லுக்கு (shell) உரிய 'கூடு' என்ற சொல் பழையபடியே இருக்கட்டும். அது ஒரே முதன்மைக் குவாண்டம் எண்ணுள்ள (1எஸ், 2பி என்பவற்றில் முன்னே வரும் எண்) அலையங்களின் தொகுதி.