கோயில் வீதியில் இரவு மேளக் கச்சேரி: எங்கே அமர்ந்து கேட்பது?

வடமராட்சியான் கேட்கிறார்:

வணக்கம். பாடசாலைக் காலத்து நண்பர்கள் ஐவர் இந்த ஆவணியில் யாழ்ப்பாணத்தில் ஒன்றுகூடுகிறோம்; இருவர் வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வருகிறார்கள். ஊர்க் கோயில் ஒன்றின் திருவிழாவில் நாதஸ்வர, தவில் கச்சேரியை இரவு முழுவதும் இருந்து கேட்க வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை. சென்ற ஆண்டும் போனோம். மேடைக்கு நேர் முன்னால், பெரிய ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து எட்டடி தள்ளி இடம் பிடித்ததால், தவில் காதில் அறைந்ததே தவிர எந்தச் சொல் (தவில் அடியின் ஒலி) எங்கே விழுகிறது என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. தவில் மட்டும் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்குமுன்பே எழுந்து வந்துவிட்டோம். அது இன்னும் மனதை உறுத்துகிறது. எங்கே அமர வேண்டும், எதைக் கவனித்துக் கேட்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லித் தாருங்கள்.

இணுவில் ரசிகர்:

தம்பி, நீங்கள் இருந்த இடம்தான் பிழை. நாதஸ்வரமும் தவிலும் வெளிவீதிக்கென்றே அமைந்த வாத்தியங்கள். ஒலிபெருக்கி வருவதற்கு முன்பே நான்கு வீதிக்கும் கேட்டவை. ஆகையால் பெட்டிகளை விட்டு விலகி, வாத்தியத்தின் சொந்த நாதம் நேரே வந்து சேரும் இடத்தைத் தேடுங்கள். மேடையின் பக்கவாட்டில் பத்து மீற்றருக்குள் மணலில் பாய் விரிக்க முடிந்தால் அதைவிடச் சிறந்த இடம் கிடையாது.

வீதி நெடுகக் கட்டியிருக்கும் குழாய் ஒலிபெருக்கிகளுக்கும் மேடைக்கும் நடுவே மட்டும் அமராதீர்கள். 34 மீற்றரைக் கடக்க ஒலிக்கு ஏறத்தாழப் பத்தில் ஒரு செக்கன் செல்கிறது. மேடையிலிருந்து வரும் சொல்லும், அருகிலுள்ள குழாயிலிருந்து முந்திக்கொண்டு வரும் அதே சொல்லும் அந்த இடைவெளியில் மோதினால், துரித காலத்தில் வாசிக்கும்போது எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பிவிடும். கூட்டம் மிகுந்து தூரப் போக நேர்ந்தால் மேடைக்கு வடகிழக்காகப் போங்கள். சோளகக் காற்று தென்மேற்கிலிருந்து வீசும் காலம் அது. காற்றோடு செல்லும் ஒலி தரையை நோக்கி வளைந்து வரும், எதிர்த்துச் செல்வது மேலே எழும்பிப் போய்விடும்.

தவிற்காரர் மகள்:

அமரும் இடத்தைவிடத் தாளத்தை நான் முக்கியமாகச் சொல்வேன். அப்பா கச்சேரிக்குமுன் விரல்களுக்குக் கூடு போடுவதைச் சிறு வயதில் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். துணி நாடாவைப் பசையில் தோய்த்து ஒவ்வொரு விரலிலும் சுற்றிக் காயவிடுவார். காய்ந்தபின் திண்ணையில் தட்டினால் மரக்கட்டை தட்டுவது போலக் கேட்கும். வலந்தலை என்னும் வலப்பக்கத்தில் அந்தக் கூடுகளும் தொப்பி என்னும் இடப்பக்கத்தில் கழியும் பேசிக்கொள்வதுதான் தவில். தவில் மேதை வி. தெட்சணாமூர்த்தி (1933–1975) பிறந்த மண்ணில் அதைக் கணக்குத் தெரியாமல் கேட்டுவிட்டுப் போவது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கும்.

ஆதி தாளத்திற்கு எட்டு அட்சரங்கள், அதாவது எட்டு எண்ணிக்கைகள். ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை. பிறகு தட்டு, வீச்சு (உள்ளங்கையை மேலே திருப்புவது). மீண்டும் தட்டு, வீச்சு. ஐவரும் தொடையில் இதை ஒன்றாகப் போட்டுக்கொண்டே இருங்கள். தனியில் தவில் மூன்றாகவும் ஐந்தாகவும் ஏழாகவும் நடையை, அதாவது ஓர் அட்சரத்தைப் பிரிக்கும் முறையை, மாற்றும்போது உங்கள் கை தடுமாறும். விடாமல் பிடித்திருந்தால், தீர்மானம் என்னும் முடிவுக் கோர்வை முடிந்து, பாட்டுத் தொடங்கும் இடமான எடுப்பில் வந்து விழும் கணத்தில் ஐந்து பேரின் தலையும் தாமாகவே அசையும். நண்பர்களோடு கேட்பதன் முழு இன்பமும் அந்த ஒரு கணத்தில் இருக்கிறது.

சுன்னாகத்து வாசகர்:

நாட்களைப் பார்த்து வாருங்கள். மாவிட்டபுரத் திருவிழா ஆடி அமாவாசையன்று கீரிமலைத் தீர்த்தத்தோடு முடியும். அதிலிருந்து ஆறாம் நாள் நல்லூரில் கொடியேறி 25 நாட்கள் நடந்து ஆவணி அமாவாசையில் தீர்த்தம். அக்காலத்தில் நல்லூரைச் சுற்றித் தெருக்கள் மூடப்படும், பயணத்திற்குக் கூடுதல் நேரம் வையுங்கள். மோரும் சர்க்கரைத் தண்ணீரும் தண்ணீர்ப்பந்தலில் கிடைக்கும். கச்சான் வாங்கினால் தனி தொடங்குமுன் உடைத்துத் தின்று முடித்துவிடுங்கள், பக்கத்திலிருப்பவருக்கு அந்தச் சத்தம் பெரும் இடைஞ்சல். ஆலாபனையைத் தவறவிடாமல் நேரத்தோடு போய்ச் சேருங்கள். பலர் தவிலுக்காகவே வந்து, நாதஸ்வரக்காரர் ராகத்தைக் கட்டியெழுப்பும் அரிய பகுதியைக் கடைத்தெருவில் கழித்துவிடுகிறார்கள்.

வடமராட்சியான்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கனடாவிலிருந்து வரும் நண்பருக்குத் தாளம் சுத்தமாகத் தெரியாது. இன்றிரவே தொலைபேசியில் அழைத்து, அந்தத் தட்டையும் மூன்று விரல்களையும் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். ஆவணிக்குள் கை பழகிவிடும்.