14 பக்கப் பின்கதையும் 3 மணி நேர ஆட்டமும்: நீங்கள் எப்படிக் கையாள்கிறீர்கள்?

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்)

வணக்கம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, சனிக்கிழமை மாலையில், நண்பர் ஒருவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்தி வருகிறேன்; ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி, நடத்துபவர் சொல்லும் கதைக்குள் ஆடும் ஆட்டம் அது. ஆட்டம் நடத்துவது எனக்கு இதுவே முதல் தடவை. ஆடுபவர்கள் ஐவர். அவர்களில் ஒருவர் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வந்து போவதால், எப்படிப் பார்த்தாலும் ஓர் அமர்வுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் கிடைப்பதில்லை.

தொடங்குவதற்கு முன் தங்கள் பாத்திரத்தின் பின்கதையை எழுதி அனுப்புமாறு ஐவரிடமும் கேட்டிருந்தேன். எவ்வளவு எழுத வேண்டும் என்று சொல்லாமல் விட்டது என் தவறுதான். ஒருவர் 14 பக்கம் அனுப்பினார். அதில் அவருடைய மந்திரவாதி அரசவையில் வளர்ந்து, துரோகத்துக்கு ஆளாகி, நாடு கடத்தப்பட்டு, போகிற வழியில் ஒரு டிராகனையும் கொன்றுவிட்டார். ஆனால் ஆட்டம் தொடங்கும்போது அவர் ஒன்றாம் லெவல், அதாவது ஆகக் கீழ்நிலை. எவ்வளவு அடி தாங்குவார் என்று காட்டும் உயிர்ப்புள்ளி வெறும் 8. திருடன் பாத்திரம் எடுத்தவரோ, “அப்பா அம்மா இல்லை, காசு வேண்டும்” என்று வாட்ஸ்அப்பில் ஒரே வரியில் முடித்துக்கொண்டார். வார்லாக், அதாவது ஏதோ ஒரு சக்தியோடு ஒப்பந்தம் செய்து மந்திரம் பெற்றவர், ஆடுபவரோ, தன் பாத்திரம் யாருடன் ஒப்பந்தம் செய்திருக்கிறது என்பதை எனக்கே சொல்ல மறுக்கிறார்; தக்க நேரத்தில் வெளியிடுவாராம். மற்ற இருவராலும் சிக்கல் இல்லை.

ஆறு அமர்வுகள் முடிந்துவிட்டன. பெயர்களும் ஊர்களும் பகையும் அந்த 14 பக்கத்தில் தயாராக இருந்ததால், தயாரிப்புக்கு நேரமில்லாத வாரங்களில் நான் அதிலிருந்தே எடுத்து எடுத்துப் பயன்படுத்தினேன். இப்போது மொத்த ஆட்டமும் அந்த மந்திரவாதியின் குடும்பச் சண்டையாகிவிட்டது. போன அமர்வில் திருடன் ஆடுபவர் தம்முடைய முறை வரும்வரை கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நிறைய எழுதியவரின் உழைப்பையும் வீணாக்காமல், எழுதாதவரையும் ஒதுக்காமல், இதை எப்படிச் சரிசெய்வது?

பதில் 1 (பட்டர்வொர்த், பினாங்கு)

வணக்கம். என் பாட்டி கல்யாண வீட்டில் புதிதாக யாரைப் பார்த்தாலும் முதலில் “எந்தத் தோட்டம்?” என்று கேட்பார், அடுத்து, “யார் வீட்டுப் பிள்ளை?” இந்த இரண்டுக்கும் பதில் வருவதற்குள், “அந்த மண்டோர் மகள் வயிற்றுப் பேரனா, உன் பாட்டி எங்களுக்கு எதிர் லயத்தில்தானே இருந்தாள்” என்று ஒரு பிடி கிடைத்துவிடும். எதிரில் நிற்பவரின் வாழ்க்கை வரலாறு அவருக்குத் தேவைப்பட்டதே இல்லை. எந்த இடத்தில் கைகோத்துக்கொள்ளலாம் என்பதுதான் தேவைப்பட்டது. மேசையில் பின்கதைக்கு இருக்கும் வேலையும் அதுதான் என்று நினைக்கிறேன்.

அந்த 14 பக்கத்தை மறுபடி ஒரு முறை படியுங்கள். முடிந்துபோன நிகழ்ச்சிகளையெல்லாம் விட்டுவிட்டு, இன்னும் உயிரோடு இருக்கும் மனிதர்களையும் தீராத விவகாரங்களையும் மட்டும் அடிக்கோடிடுங்கள். பிறகு, எதை நீங்கள் இழுக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று எழுதியவரிடமே கேளுங்கள். கொல்லப்பட்ட டிராகன் முடிந்த கதை. அதனால் உங்களுக்குப் பயனில்லை. அதோடு அது விதிகளோடும் மோதுகிறது. ஒன்றாம் லெவல் மந்திரவாதிக்கு 6 உயிர்ப்புள்ளியும் உடலுறுதிக்கு உரிய கூடுதலும்தான். கோப்ளின் என்ற குட்டிப் பூதம் ஒன்று வளைவாளால் ஒரு முறை வெட்டினால், ஆறுமுகப் பகடையில் விழும் எண்ணோடு 2 சேர்த்து அத்தனை புள்ளி போகும், ஆக இரண்டு வெட்டில் உங்கள் டிராகன்கொல்லி தரையில் கிடப்பார். ஆனாலும் அதை அழிக்கச் சொல்லாதீர்கள். டிராகன் வேறு எதனாலோ செத்துக் கிடந்தது, அருகில் நின்றவர் இவர், பெயர் இவருக்கு ஒட்டிக்கொண்டது என்று மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டுப் பாருங்கள். அப்போது முடிந்த கதை முடியாத கதையாகிவிடும். ஏனென்றால் உண்மையைப் பார்த்தவர் ஒருவர் எங்கோ இருக்க வேண்டும். அந்த ஒருவர் ஏன் உங்கள் திருடனாக இருக்கக்கூடாது?

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. 2013இல் வந்த ஃபேட் கோர் ஆட்டத்தில், பாத்திரங்களை உருவாக்கும்போதே ஒவ்வொருவரும் மற்ற இருவரின் பழைய சாகசங்களுக்குள் தங்களை நுழைத்து எழுத வேண்டும். ஏழாவது அமர்வில் செய்தாலும் அது பலிக்கும்.

ஒரு வரி எழுதியவரை மேலும் எழுதச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். அவர் ஆடும்போது யோசிப்பவராக இருக்கலாம். குழு ஒரு நகரத்துக்குள் நுழையும் நேரத்தில், “இந்த ஊரில் நீ யாருக்குக் கடன்பட்டிருக்கிறாய்?” என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். இன்னொன்று: “அப்பா அம்மா இல்லை” என்று எழுதுபவர்கள் பலர் சோம்பேறிகள் அல்லர், சூடுபட்டவர்கள். பாத்திரத்துக்கு ஒரு தங்கை இருந்தால் அவளை நான்காவது அமர்வில் கடத்திவிடுவது ஆட்டம் நடத்தும் நம்மவர்களின் பழைய நோய். உறவினர் ஒருவர் வந்து, சாப்பாடு போட்டு, ஊர்ச் செய்தி சொல்லிவிட்டு, ஆபத்து எதுவும் இல்லாமல் போகும் காட்சி ஒன்றை வைத்துப் பாருங்கள். மேசையில் இருப்பவர்கள் முதலில் நம்பவே மாட்டார்கள்.

வார்லாக் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சக்தி கொடுத்த அந்தப் புரவலரின் குரலில் பேசப் போகிறவர் நீங்கள்தான். மற்ற நால்வரிடம் மறைக்கட்டும்; உங்களிடம் மறைத்தால் அது ரகசியம் ஆகாது, உங்களால் ஆட முடியாத ஒரு பாத்திரம் ஆகும்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014ஆம் ஆண்டு விதிநூலில், பாத்திரம் முன்பு என்னவாக இருந்தது என்று தேர்ந்தெடுக்க இருந்த 13 பின்னணிகளிலும் இலட்சியம், பிணைப்பு, குறை ஆகியவற்றுக்கு அட்டவணைகள் இருந்தன. 2024 பதிப்பில் பின்னணிகள் 16 ஆகியும் அந்த அட்டவணைகள் இல்லை. புதிய நூலை வைத்து ஆடுகிறீர்கள் என்றால் அந்தக் கேள்விகளை நீங்களேதான் கேட்க வேண்டியிருக்கும்.

பதில் 2 (செந்தூல், கோலாலம்பூர்)

நான் பின்கதையே வாங்குவதில்லை. முதல் மூன்று அமர்வுகளில் நடப்பதுதான் பின்கதை. அதை ஐவரும் சேர்ந்து பார்த்திருப்பதால் யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அப்படியும் ஆசைப்படுகிறவர்களுக்கு 1977இல் வந்த டிராவலர் விண்வெளி ஆட்டத்தைக் காட்டுவேன். அதில் பாத்திரத்தின் முன்வாழ்க்கையை நான்கு நான்கு ஆண்டுகளாகப் பகடைதான் தீர்மானிக்கும். உருட்டல் மோசமாக விழுந்தால் ஆட்டம் தொடங்கும் முன்பே பாத்திரம் செத்துப்போகும். 14 பக்கம் எழுதும் நண்பருக்கு நல்ல மருந்து.

பதில் 3 (ஜார்ஜ் டவுன், பினாங்கு)

செந்தூல் அண்ணன் சொல்வதில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் சிலருக்குப் பின்கதை எழுதுவது வேறொன்றைச் சொல்வதற்கான வழியாகவும் இருக்கிறது. அதை நான் தவறு செய்துதான் தெரிந்துகொண்டேன்.

என் மேசையில் ஒரு தங்கை, மலைகளுக்கு நடுவே ஒரு மன்னன் சாலை போட்டான், அதற்குப் பிடித்துக்கொண்டு போன தன் தந்தை திரும்பி வரவில்லை என்று நான்கு வரி எழுதியிருந்தார். எனக்கு அது நல்ல தூண்டிலாகத் தெரிந்தது. மூன்றாவது அமர்வில் அந்தத் தந்தையை எலும்புக்கூட்டுக் காவலனாக எழுப்பி அவர் எதிரில் நிறுத்தினேன். மற்றவர்கள் ஆரவாரம் செய்தார்கள். அவர் பகடையை உருட்டிச் சண்டையை முடித்தார், அதன் பிறகு பேசவே இல்லை. ஆட்டம் முடிந்து நாசி கண்டார் கடையில் உட்கார்ந்திருந்தபோதுதான் சொன்னார்: அவருடைய கொள்ளுத்தாத்தா தோட்டத்திலிருந்து சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டவர். 1942, 43 ஆண்டுகளில் ஜப்பானியர் 415 கிலோமீட்டருக்குப் போட்ட அந்தப் பாதையில் மாண்ட தமிழர்களின் கதை இங்குள்ள பல குடும்பங்களில் உண்டு. எனக்கும் தெரிந்த கதைதான்; நான்கு வரியில் அதை அடையாளம் காணத்தான் தெரியவில்லை.

அதன் பிறகு தொடக்க அமர்வில் ஒவ்வொருவரிடமும் தனியாக ஒரு கேள்வி கேட்கிறேன்: “இதில் உங்கள் வீட்டுக் கதை ஏதாவது இருக்கிறதா, இருந்தால் நான் என்ன செய்யக்கூடாது?” அந்தத் தங்கை கேட்டது எனக்கு வியப்பாக இருந்தது. கதையிலிருந்து தந்தையை நீக்க வேண்டாம், அவர் எங்கே புதைக்கப்பட்டார் என்று கண்டுபிடிக்க மட்டும் வழிவிடுங்கள் என்றார். அதற்கு எங்களுக்குப் பதினொரு அமர்வுகள் ஆயின.

மீண்டும் கேட்டவர் (பிரிக்பீல்ட்ஸ்)

அனைவருக்கும் நன்றி. நேற்றைய அமர்வுக்கு முன் ஐவரிடமும் தனித்தனியாகப் பேசினேன். டிராகன் ஏற்கெனவே செத்துக் கிடந்தது என்ற யோசனையைக் கேட்டு மந்திரவாதி ஆடுபவர் சற்று முகம் வாடினார். சாட்சி ஒருவர் இருக்கிறார் என்றதும் அவரே மேலும் இரண்டு பக்கம் எழுதப் புறப்பட்டார், நிறுத்திவிட்டேன். வார்லாக் என் காதில் மட்டும் ஒரு பெயரைச் சொல்லியிருக்கிறார். சாட்சியாக இருக்கச் சம்மதமா என்று திருடன் ஆடுபவரிடம் கேட்டதற்கு, பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார்.

குழு துறைமுக நகரத்துக்குள் நுழைந்தபோது அவரிடம் கடன் கேள்வியைக் கேட்டேன். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “என் அக்காவுக்கு, அந்த டிராகனின் பல் ஒன்று அவளிடம் அடகில் இருக்கிறது” என்றார். உங்களுக்குத்தான் யாரும் இல்லையே என்று மந்திரவாதி இடைமறித்தார். “அப்பா அம்மா இல்லை என்றுதான் எழுதினேன்” என்றார் அவர்.