ஆகஸ்ட் ஸ்கிரிம்மேஜில் நீங்கள் கவனித்தது என்ன? டெக்சஸ் பெற்றோரின் அனுபவப் பகிர்வு

லைன்மேன் அப்பா, வடக்கு டாலஸ்

"ஸ்கிரிம்மேஜில் யார் ஜெயித்தார்கள்?" என்று கேட்டு இந்த வாரம் பலர் மெசேஜ் போட்டுவிட்டார்கள். யாரும் ஜெயிக்கவில்லை ஐயா. ஸ்கோர்போர்டில் கடிகாரம் மட்டும்தான் ஓடும். புதிதாக வந்திருக்கும் பெற்றோருக்காக முதலில் ஒரு சின்ன விளக்கம். அப்புறம் உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்.

ஃபுட்பால் என்று நான் சொல்வது அமெரிக்கன் ஃபுட்பால், ஹெல்மெட் போட்டு முட்டிக்கொள்வது. பள்ளி சீசன் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும். அதற்குச் சுமார் ஒரு வாரம் முன்னால் வேறொரு பள்ளியோடு ஒத்திகையாக ஆடுவதுதான் ஸ்கிரிம்மேஜ். டெக்சஸ் பள்ளி விளையாட்டுகளை நடத்தும் யூஐஎல் அமைப்பின் விதிப்படி வசந்த காலப் பயிற்சி நடத்திய பெரிய பள்ளிகளுக்கு ஒன்று, நடத்தாதவர்களுக்கு இரண்டு. ஒரு அணியின் ஆஃபென்ஸ், அதாவது பந்தோடு முன்னேறும் பக்கம், தொடர்ந்து பத்துப் பதினைந்து பிளே (திட்டமிட்ட ஒவ்வொரு முயற்சியும் ஒரு பிளே) ஆடும். எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டாலும் பந்து பழைய இடத்துக்கே திரும்பிவிடும். பிறகு மற்ற அணியின் முறை. கோச்சுகள் மைதானத்துக்குள்ளேயே பையன்களுக்குப் பின்னால் நிற்பார்கள். பந்தை வீசும் குவார்ட்டர்பேக்குக்குப் பல இடங்களில் வேறு நிற ஜெர்சி கொடுத்துவிடுவார்கள், அவனை யாரும் இடித்துத் தள்ளக் கூடாது. கிக்காஃப், பன்ட் என்று பந்தை உதைப்பதெல்லாம் பெரும்பாலும் பேருக்குத்தான். கடைசியில் பள்ளியின் முதன்மை அணியான வார்சிட்டிக்கு மட்டும் பன்னிரண்டு நிமிடம் நிஜ ஆட்டம் மாதிரி ஒரு குவார்ட்டர் இருக்கும்.

என் மகன் ஆடுவது ரைட் கார்டு, முன்வரிசை லைனில் எதிரணியைத் தடுக்கும் ஐவரில் ஒருவன். அதனால் நான் பந்தைப் பார்ப்பதே இல்லை, லைனில் குனிந்து நிற்கும் ஐந்து பேரைத்தான் பார்ப்பேன். ஆகஸ்ட் தொடக்கத்திலிருந்து இவர்கள் தங்கள் பள்ளிப் பையன்களோடு மட்டுமே மோதியிருக்கிறார்கள். எதிரில் நிற்பவனுக்கு இவர்களுடைய எல்லா பிளேயும் மனப்பாடம், இவர்களுக்கும் அவனுடைய வலது கால் எப்போது அசையும் என்று தெரியும். ஸ்கிரிம்மேஜில்தான் முதன்முறையாக முகம் தெரியாத ஒருவன் முன்னால் நிற்கிறான். பந்தைப் பின்னால் கொடுத்து பிளேயைத் தொடங்குவதுதான் ஸ்னாப். அதற்கு ஒரு நொடி முன்னால் அவன் இடம் மாறினால் போதும், நம் பையன் பதறிப்போய் அசைந்துவிடுவான். அது ஃபால்ஸ் ஸ்டார்ட் என்ற தவறு, நடுவரின் கொடி விழும்.

முதல் சுற்றில் கொடி விழுவதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இரண்டாம் சுற்றிலும் அதே பையன் அதே மாதிரி அசைகிறானா என்பதுதான் கணக்கு. போன ஆண்டு எங்கள் லைனின் இடது ஓரத்தில் நிற்கும் லெஃப்ட் டேக்கிள் தொடக்கத்திலேயே அசைந்தான். கோச் வாயைத் திறப்பதற்குள் லைனின் நடுவில் நிற்கும் சென்டர் திரும்பி அவனிடம் ஏதோ சொன்னான், அவன் தலையாட்டினான். அப்புறம் அந்தப் பக்கம் கொடியே விழவில்லை. அதே மாலை எங்கள் ரன்னிங் பேக் நீண்ட ஓட்டம் ஓடி டச்டவுன் போட்டதற்கு ஸ்டாண்டு முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. எதிரணியில் பின்னால் நின்று தடுக்கும் சேஃப்டி புல்லில் வழுக்கி விழுந்ததால் வந்த டச்டவுன் அது. அதை வைத்து சீசனைக் கணித்தவர்கள் செப்டம்பரில் என்னிடம் வந்து புலம்பினார்கள்.

செயின் பிடிப்பவர், கேட்டி

அண்ணே, நீங்கள் ஆஃபென்ஸைச் சொல்லிவிட்டீர்கள், நான் தடுக்கும் பக்கமான டிஃபென்ஸைச் சொல்கிறேன். ஆஃபென்ஸ் முன்னேற வேண்டிய தூரத்தை அளக்கும் பத்து யார்டு செயினைப் பிடித்துக்கொண்டு சைட்லைனில் நிற்பது என் தன்னார்வ வேலை. அங்கே கண்ணை விடக் காதுக்குத்தான் அதிக வேலை.

நல்ல டிஃபென்ஸ் ஸ்னாப்புக்கு முன்னால் ஓயாமல் சத்தம் போடும். லைன்பேக்கர் கத்துவான், சேஃப்டி பின்னாலிருந்து பதில் கொடுப்பான், கார்னர் கையைக் காட்டுவான். சில பள்ளிகளில் பதினோரு பேரும் ஊமை மாதிரி நிற்பார்கள், கோச்சின் குரல் மட்டும் கேட்கும். கோச் மைதானத்துக்குள் நிற்கலாம் என்பது ஸ்கிரிம்மேஜுக்கு மட்டும்தான். அடுத்த வாரம் அவர் சைட்லைனுக்குப் போய்விடுவார், எதிரே பேண்டும் கூட்டமும் அலறும். அப்போது யார் கத்துவது?

பந்து வைத்திருப்பவனைப் பிடித்து வீழ்த்தும் டேக்கிள் தவறுவதைப் பார்த்து "என்னப்பா இது!" என்று தலையில் அடித்துக்கொள்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் காலத்தில் பையன்கள் முழு பலத்தோடு மோதிப் பழகும் நேரமே குறைவு. ஆகஸ்டில் முதல் சில நாட்கள் ஹெல்மெட் மட்டும், பிறகு தோள் பேடு, அதன் பிறகுதான் முழு உடுப்பு. சீசனுக்குள் வந்துவிட்டால் ஒரு பையனுக்கு வாரத்துக்கு 90 நிமிடத்துக்கு மேல் முழு மோதல் பயிற்சி கூடாது என்று யூஐஎல் 2013-இலேயே வரம்பு வைத்துவிட்டது. அதனால் முதல் ஸ்கிரிம்மேஜில் கை நழுவத்தான் செய்யும். முதல் டேக்கிள் தவறிய பிறகு மற்ற பத்துப் பேர் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். விசில் ஊதும்போது பந்து வைத்திருப்பவனைச் சுற்றி நம் ஜெர்சி ஐந்தாறு தெரிந்தால் கவலை வேண்டாம். ஒன்றிரண்டுதான் இருக்கிறது, மற்றவர்கள் நடந்து வருகிறார்கள் என்றால் அக்டோபரில் அடி வாங்குவோம்.

வீடியோ அப்பா, ஃபிரிஸ்கோ

நான் கொஞ்சம் எதிர்க்கட்சி. கோபிக்க வேண்டாம்.

ஸ்டாண்டின் உச்சியில் கேமரா வைத்து அணிக்காகப் படம் எடுப்பது என் வேலை. படம் அன்றிரவே ஹடில் என்ற விளையாட்டு வீடியோ தளத்தில் ஏறிவிடும். நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் 2006-இல் தொடங்கிய நிறுவனம் அது. அதற்கு முன்னால் கோச்சுகள் டேப்பையும் டிவிடியையும் காரில் எடுத்துப் போய் பாதி வழியில் கைமாற்றிக்கொள்வார்களாம், இப்போது ஒரு க்ளிக் போதும். இது எல்லா கோச்சுக்கும் தெரியும். அப்புறம் எப்படி தன் நல்ல பிளேயை ஸ்கிரிம்மேஜில் காட்டுவார்? நம் கோச் அன்றைக்கு ஆடவிட்டது ஒரு கை விரலுக்குள் அடங்கும் பிளேக்கள்தான். வீசும் பந்தைப் பிடிக்கும் எதிரணியின் நட்சத்திர ரிசீவர் தொப்பி போட்டுக்கொண்டு தண்ணீர் பாட்டில் பக்கத்தில் நின்றிருந்தான். குவார்ட்டர்பேக்கை யாரும் தொடக்கூடாது என்றால், இடி வாங்கப்போகும் நேரத்திலும் நின்று வீசுவானா என்பது எப்படித் தெரியும்? ஆட்டத்தையே மாற்றும் கிக்கிங் அணிகளைப் பார்க்கவே முடியாது.

அதனால் ஸ்கிரிம்மேஜ் படத்தில் நான் தேடுவது, கோச் நினைத்தாலும் ஒளித்துவைக்க முடியாததை மட்டும். ஸ்னாப் ஆனதும் வைக்கும் முதல் அடி, குனிந்து நிற்கும் உயரம், பந்து தன் பக்கம் வராதபோது ரிசீவர் மற்றவனுக்காக எதிராளியைத் தடுத்து பிளாக் செய்கிறானா என்பது. அப்புறம் இரண்டாம் வரிசை. லைனில் முதல் ஐவர் எல்லா பள்ளியிலும் சுமாராக இருப்பார்கள். ஆறாவது, ஏழாவது ஆள் உள்ளே வந்ததும் ஸ்னாப் தரையில் உருளுகிறதா? பத்து ஆட்டம் கொண்ட சீசனில் அந்த ஏழாவது ஆள் ஆடியே ஆகவேண்டிய வெள்ளிக்கிழமை ஒன்று வரும். கூட்டம் அவன் வரும் நேரத்தில்தான் நாச்சோஸ் வாங்கப் போகிறது.

லைன்மேன் அப்பா

எதிர்க்கட்சி என்று சொல்லிவிட்டு என் பக்கமே வந்துவிட்டீர்களே சார். ரிசீவர் பிளாக் செய்வதை இனிமேல் நானும் பார்க்கிறேன்.

ட்ரெய்னர் பெண்ணின் அம்மா, ராக்வால் பக்கம்

எனக்கு பிளே, ஃபார்மேஷன் எதுவும் புரியாது. என் மகள் பள்ளியில் ஸ்போர்ட்ஸ் மெடிசின் வகுப்பு எடுக்கிறாள், மாணவ ட்ரெய்னர். கணுக்காலுக்கு டேப் சுற்றுவது, தண்ணீர் கொடுப்பது, பனிக்கட்டித் தொட்டியை நிரப்பிவைப்பது அவள் வேலை. அவளை விட்டுவிட்டுக் காத்திருக்கும் சாக்கில் நானும் பார்த்துப் பழகிவிட்டேன்.

ஆகஸ்ட் மாலை ஆறு மணிக்கும் இங்கே நூறு டிகிரி ஃபாரன்ஹீட் அடிக்கும். யார் ஜூன், ஜூலையில் ஒழுங்காக ஓடினார்கள், யார் ஏசி அறையில் கேம் விளையாடினார்கள் என்பதை நாற்பது நிமிடத்தில் கெண்டைக்கால் சொல்லிவிடும். ஒவ்வொருவனாகத் தரையில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொள்வான். அப்போது என் மகள் வெள்ளரிக்காய் ஊறுகாய்த் தண்ணீரை நீட்டுவாள். நிஜமாகத்தான், தசைப்பிடிப்புக்கு இங்கே அதைக் கொடுக்கிறார்கள். ஒரே அணியில் அடுத்தடுத்து பலர் விழுந்தால் அது பையன்களின் தப்பு மட்டும் இல்லை, கோடைப் பயிற்சியே சரியில்லை என்பாள் அவள்.

ஆனால் என் மனதில் தங்கியது வேறு. ஒரு ஸ்கிரிம்மேஜில் எதிரணிப் பையன் ஒருவன் தலையில் அடிபட்டு எழுந்து நின்றான், கண் எங்கோ போனது. அவர்களுடைய ட்ரெய்னர் அவனைக் கூட்டிவந்து உட்காரவைத்து, முதல் வேலையாக அவனுடைய ஹெல்மெட்டை எடுத்து வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். பையன் தேடிப் போட்டுக்கொண்டு உள்ளே ஓடிவிடக் கூடாது என்பதற்காக. தலையில் அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே அன்று மறுபடி ஆடக் கூடாது, மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் திரும்பக் கூடாது என்று டெக்சஸில் 2011-இலிருந்து சட்டம் உண்டு, முடிவு கோச்சின் கையில் இல்லை. இருந்தும் அந்த கோச் வந்து ட்ரெய்னரிடம் இரண்டு மூன்று முறை "நன்றாகத்தானே இருக்கிறான்?" என்று கேட்டார். ஸ்கோரே இல்லாத ஆட்டத்தில்! அந்த ட்ரெய்னர் அம்மா நிமிர்ந்தே பார்க்காமல் "இல்லை" என்று மட்டும் சொன்னார். எங்கள் அணியின் கோச் இதே மாதிரி நேரத்தில் கேள்வியே கேட்காமல் அடுத்த பையனைக் கூப்பிடுவார். அவர் எத்தனை ஆட்டம் ஜெயித்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. என் பிள்ளை ஆடுவதாக இருந்தால் அவரிடம்தான் விடுவேன்.

செயின் பிடிப்பவர்

அக்கா, இதை நானும் பலமுறை கேட்டிருக்கிறேன். பாராட்டும்போது எல்லா கோச்சும் ஒரே மாதிரிதான் பேசுவார்கள், பையன் பந்தை நழுவவிட்டால் குரல் மாறும். "பந்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடி, முழங்கை உள்ளே" என்பவரும் உண்டு. பையனின் பெயரைச் சொல்லி அரை மைதானம் கேட்கத் திட்டுபவரும் உண்டு. இரண்டாமவரின் பையன்கள் அடுத்த பிளேயில் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்க்கிறார்கள்.

கணக்கு வாத்தியார், லப்பக் அருகே

நான் பெற்றோர் இல்லை, பருத்திக்காட்டுக்கு நடுவே ஒரு சின்னப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். உங்கள் உலகம் வேறு. ஆலன் நகரில் பள்ளிப் பிள்ளைகளுக்காக 6 கோடி டாலரில் 18,000 பேர் உட்காரும் ஸ்டேடியம் கட்டி 2012-இல் திறந்தார்கள். எங்கள் உயர்நிலைப் பள்ளியில் மொத்தமே நூறு பிள்ளைகள் இல்லை, அணியில் ஒரு டஜன் பையன்கள். ஆடுவது ஆறு பேர் ஃபுட்பால். 1934-இல் நெப்ராஸ்காவின் ஹெப்ரன் என்ற ஊரில் ஸ்டீஃபன் எப்ளர் என்ற ஆசிரியர், பதினோரு பேர் சேராத சின்னப் பள்ளிகளுக்காக உருவாக்கியது. மைதானம் 80 யார்டு, பந்தைத் தக்கவைக்கும் முதல் டவுனுக்கு 15 யார்டு போகவேண்டும், எல்லாருமே பாஸ் பிடிக்கலாம். டச்டவுனுக்குப் பிறகு கிக் அடித்து எடுக்கும் எக்ஸ்ட்ரா பாயிண்டுக்கு இரண்டு புள்ளி. பாதி ஆட்டத்திலோ அதற்குப் பிறகோ 45 புள்ளி வித்தியாசம் வந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்தது.

இங்கே ஸ்கிரிம்மேஜ் என்றால் பல நேரம் மூன்று நான்கு பள்ளிகள் ஒரே மைதானத்தில் கூடி மாறி மாறி ஆடும். நீங்கள் சொன்ன இரண்டாம் வரிசை எங்களுக்குக் கிடையாது. ஆஃபென்ஸ் ஆடிய அதே ஆறு பேர் அப்படியே திரும்பி டிஃபென்ஸ் ஆடுவார்கள். பெரிய அணிகளின் ஸ்கிரிம்மேஜில் கேட்கிற சில கேள்விகள் இங்கே பொருந்தாது. ஸ்னாப் வாங்குபவன் தானே பந்தோடு பிளே தொடங்கும் கோட்டைத் தாண்டி ஓடக் கூடாது, இன்னொருவனுக்குக் கைமாற்ற வேண்டும் என்பது விதி. அதனால் எல்லாமே அந்தக் கைமாற்றத்தில்தான். ஆகஸ்ட் வியர்வையில் பந்து நழுவும். நழுவியதும் ஆறு பேரில் எத்தனை பேர் அதன் மேல் பாய்கிறார்கள் என்று நான் பார்ப்பேன்.

இன்னொன்று, கீழே விழுந்தவன் எழுந்திருக்கும் வேகம். ஐந்தாவது சுற்றிலும் துள்ளி எழுபவர்கள் நான்கு பேராவது இருந்தால் எங்களுக்கு நவம்பரிலும் ஆட்டம் உண்டு. என் வகுப்பில் பின்னம் போடத் திணறும் ஒரு பையன், எதிரணி எந்தப் பக்கம் ஓடப்போகிறது என்று அவர்கள் நிற்கும் இடைவெளியைப் பார்த்தே சொல்லிவிடுகிறான். அதை ஒரு ஸ்கிரிம்மேஜில் கவனித்த பிறகு அவனுக்குக் கணக்கை யார்டில் சொல்லிக்கொடுக்கிறேன், கொஞ்சம் ஏறுகிறது. டெக்சஸில் 1984-இலிருந்து பாடத்தில் தேறாவிட்டால் ஆட முடியாது. எழுபது மதிப்பெண் வேண்டும். அதனால் அவனுடைய கோச்சுக்கு நான்தான் மிக முக்கியமான ஆள்!

புது அம்மா, பிளானோ

எல்லாம் படித்தேன், நன்றி. என் மகனுக்கு இது முதல் ஆண்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் ஃப்ரெஷ்மேன் அணி. வரும் வியாழன் ஸ்கிரிம்மேஜ். அவனை அதிகம் ஆடவிடாவிட்டால் கோச்சிடம் கேட்கலாமா? ஆறு மணி என்று போட்டிருக்கிறார்கள், எத்தனை மணிக்கு வந்தால் இடம் கிடைக்கும்?

லைன்மேன் அப்பா

அன்றிரவு கேட்காதீர்கள் மேடம். கோச்சுகள் படத்தை முழுவதும் பார்த்துவிட்டுத்தான் யார் எங்கே ஆடுவது என்று முடிவு செய்வார்கள், வார இறுதிக்குள் எல்லாம் மாறும். பையனே போய் "நான் எதில் முன்னேற வேண்டும்?" என்று கேட்பது நல்லது, அதைக் கேட்கும் பையனை அவர்களுக்குப் பிடிக்கும்.

நேரத்தைப் பொறுத்தவரை, ஆறு மணி என்பது வார்சிட்டிக்கா என்று பள்ளியில் கேட்டுக்கொள்ளுங்கள். பல இடங்களில் ஃப்ரெஷ்மேன் முதலில் ஆடுவார்கள், பிறகு பள்ளியின் இரண்டாம் அணியான ஜேவி, கடைசியில் வார்சிட்டி. ஆறு மணிக்கு ஹாயாக வரும் பெற்றோர் பலர், பையன் குளித்துவிட்டு பஸ் பக்கத்தில் நிற்பதைத்தான் பார்க்கிறார்கள். நாலரைக்கே வந்துவிடுங்கள். உட்கார ஒரு குஷன் எடுத்து வாருங்கள், அலுமினிய பெஞ்ச் அந்த நேரத்தில் தோசைக்கல்.