டைப் ஆர் கியர்பொக்ஸ், பிளைவீல், கிளச்: சேர்த்து விற்பதா, பிரித்து விற்பதா?

கொக்குவில் சிவிக்:
வணக்கம். அண்ணா கனடா போக முன் தன்னுடைய இகே4 ஹொண்டா சிவிக்கில் பழைய கியர்பொக்ஸையே திருப்பிப் பூட்டி விற்றுவிட்டார். மாற்றிப் போட்டிருந்த சாமான்களை விற்கிற வேலை என் தலையில். இருப்பது இவ்வளவும்தான்: டீசி2 இன்டெக்ரா டைப் ஆரின் எஸ்80 கியர்பொக்ஸ், 98ஆம் ஆண்டு ஸ்பெக், பைனல் டிரைவ் (கடைசிப் பல்லுச்சக்கரச் சோடி) விகிதம் 4.785, உள்ளே ஹெலிக்கல் எல்எஸ்டி, அதாவது ஒரு சில்லு சறுக்கினாலும் மற்றதுக்கு இழுவை போகவிடுகிற டிபரென்ஷல். பிறகு ஒரு லைட் பிளைவீல் (எஞ்சினோடு சுற்றுகிற, கிளச் பூட்டுகிற சக்கரம், எடை குறைந்தது), ஓடின எக்செடி கம்பனிக் கிளச் செட். விளம்பரம் போட்ட நாளிலிருந்து ஆளுக்கொரு கதை. ஒருவர் எல்எஸ்டியை மட்டும் கழற்றித் தா என்கிறார், இன்னொருவருக்குப் பைனல் டிரைவ் மட்டும் போதுமாம், மானிப்பாயிலிருந்து வந்தவர் ஒரு பக்கத்தைச் சுற்றினால் மற்றது எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறது, இது எல்எஸ்டியே இல்லை என்று சொல்லிப் பாதி விலைக்குக் கேட்டுவிட்டுப் போனார். பிரித்து விற்றால் கூடக் காசு வருமா? விலையை எதை வைத்துச் சொல்வது?

கராஜ் அண்ணை:
தம்பி, பொக்ஸை மட்டும் பிரிக்க வேண்டாம். பைனல் டிரைவ் என்றால் டிபரென்ஷலில் பூட்டிய பெரிய பல்லுச்சக்கரம் மட்டும் இல்லை, அதோடு சேருகிற சின்னப் பல்லு கவுன்டர் ஷாப்டிலேயே வெட்டியிருக்கிறது, அதைக் கொடுத்தால் உம்மிடம் மிஞ்சுவது வெறும் கூடுதான். வாங்குகிறவருக்கும் அதில் லாபம் இல்லை. ஹொண்டாக்காரன் 98இல் பழைய 4.4ஐ விட்டு 4.785 போட்டபோது நாலாம், ஐந்தாம் கியர்களையும் நீட்டித்தான் விட்டான். ஐந்தாவதின் விகிதம் 0.848ஆக இருந்தது 0.787 ஆனது. பழைய கியர்களோடு 4.785ஐ மட்டும் போட்டுக்கொண்டு ஏ9இல் கொழும்புக்கு ஓடிப் பார்க்கச் சொல்லும், எஞ்சின் கத்துகிற கத்தலில் வவுனியா வர முன்னமே காது அடைத்துவிடும்.

மானிப்பாய் ஆள் பார்த்த முறை பிளேட் வகை எல்எஸ்டிக்குத்தான் சரி. ஹெலிக்கலுக்குள் பிளேட் கிடையாது, லோட் ஏறும்போது உள்ளே இருக்கிற பல்லுகள் நெருக்குப்பட்டுத்தான் பிடிப்பு வரும். மேசையில் வைத்துக் கையால் சுற்றினால் அதுவும் சாதாரண டிபரென்ஷல் மாதிரித்தான் எதிர்ப்பக்கம் ஓடும். டிரைவ் ஷாப்ட் போகிற ஓட்டைக்குள் டோர்ச் அடித்துப் பாரும். சாதாரணது என்றால் நடுவில் ஒரு பின் குறுக்கே மறிக்கும், ஹொண்டாவின் ஹெலிக்கல் என்றால் மறுபக்கம் வெளிச்சம் வரும். எஸ்80 என்று அடித்திருப்பது மட்டும் சாட்சி ஆகாது, எல்எஸ்டி இல்லாத எஸ்80உம் இருக்கிறது.

4.785ஐயும் திறக்காமலே காட்டலாம். முதல் கியரில் போட்டு, டிரைவ் ஷாப்ட் பக்கம் இரண்டும் ஒரு முழுச் சுற்று வரும் வரை இன்புட் ஷாப்டைச் சுற்றும். பதினைந்தரை அளவில் வந்தால் 4.785, பதினாலு சொச்சம் என்றால் 4.4. இதெல்லாம் ஒரே வீடியோவில் வெட்டாமல் வரவேண்டும், வெட்டி ஒட்டினால் ஆட்கள் நம்பமாட்டார்கள்.

லேத் பெடியன்:
பொக்ஸ் விஷயத்தில் அண்ணை சொல்வது சரி. ஆனால் பிளைவீலைத் தனியாகவே விற்கலாம் ப்ரோ. பி16, பி18 எஞ்சின் இரண்டுக்கும் பொருந்தும், சொந்தப் பொக்ஸோடு ஓடுகிறவர்களும் தேடுகிறார்கள். டி15 எஞ்சின் வைத்திருக்கிறவர்கள் கட்டாயம் கேட்பார்கள், அதற்கு இது ஏறாது, பொக்ஸும் ஏறாது, முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். பிளைவீலில் கிளச் உரசுகிற முகத்தில் நீலம் பாய்ந்த திட்டோ மயிர்க்கோடு மாதிரி வெடிப்போ இருந்தால் கிட்டப் படம் எடுத்துப் போடுங்கள், மறைத்தால் வந்து பார்த்துவிட்டுச் சண்டைதான் பிடிப்பார்கள். ஓடின கிளச் தட்டுக்கு விலை எதிர்பார்க்கவேண்டாம், பிளைவீலோடு சும்மா கொடுங்கள். ரிலீஸ் பெயாரிங் குப்பைக்கு.

மாரி மழை தொடங்க முன் பிளைவீலில் மெல்லிசாக ஒயில் தடவிச் சுற்றி வையுங்கள். எங்கள் உப்புக் காற்றுக்கு இரும்பு தாங்காது.

கொழும்பு விசர்:
மச்சான், கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்துவிட்டது, இனிச் சாமான் மலியும் என்று சொல்லி விலை குறைக்கப் பார்ப்பார்கள், மடங்காதே. திறந்தது புதுக் காருக்கும் சில வருஷம் மட்டுமே ஓடிய காருக்கும்தான், டீசி2 வயசுக் கார் கப்பலில் வரப்போவதில்லை. ஜப்பான் ஏலத்தில் இதே பொக்ஸ் போகிற விலையோடு கப்பல் கூலி, வரி எல்லாம் கூட்டு, பிறகு கொழும்பில் பஞ்சிகாவத்தைச் சாமான் கடைகளில் என்ன கேட்கிறார்கள் என்று விசாரி, அந்த இரண்டுக்கும் நடுவில் நில்.

அனுப்புவதென்றால் ஒயிலை முழுக்க வடித்து, ஓட்டைகளை அடைத்து, பலகையில் கட்டி இரவு பஸ்ஸில் ஏற்று. வங்கியில் காசு விழ முன் ஏற்றாதே, ஸ்லிப் படம் எல்லாம் காசு இல்லை.

கொக்குவில் சிவிக்:
நன்றி அண்ணை, நன்றி எல்லோருக்கும். டோர்ச் அடித்துப் பார்த்தேன், பின் இல்லை. சுற்றும் எண்ணியாயிற்று, பதினைந்தரைதான். வீடியோவைப் போட்டதும் குருநாகலிலிருந்து ஒருவர் முழுப் பொக்ஸும் கேட்கிறார், நேரில் வந்து ஏற்றுவாராம். மானிப்பாய்க்காரரும் திரும்ப எடுத்தார், இப்போது முக்கால் விலை சொல்கிறார்! பிளைவீல் இன்னும் இருக்கிறது, பி சீரிஸ் வைத்திருப்பவர்கள் மட்டும் இன்பொக்ஸுக்கு வாருங்கள்.