கொலோனோஸ்கோபிக்கு முன் குடல் சுத்தம்: முழுக் கரைசலையும் இரவே குடிப்பதா, இரண்டாகப் பிரிப்பதா?

கேள்வி: பொருநைக்கரை

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையாருக்கு வயது 67. நெடுநாளாகச் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் இருக்கின்றன. ஹீமோகுளோபின் குறைந்துகொண்டே வருவதால், பெருங்குடலில் எங்கேனும் இரத்தக் கசிவு இருக்கிறதா என்று அறிய, ஆசனவாய் வழியாகக் கேமரா குழாயைச் செலுத்திப் பார்க்கும் கொலோனோஸ்கோபி செய்யச் சொன்னார்கள். சென்ற மாதம் ஒரு மருத்துவமனையில் செய்தபோது, குடல் சரியாகச் சுத்தமாகவில்லை, வலப்பக்கத்தைப் பார்க்கவே முடியவில்லை என்று சொல்லி, மறுபடியும் வரச் சொல்லிவிட்டார்கள்.

குடலைக் கழுவும் பெக் (பாலிஎத்திலீன் கிளைகால்) பொடியை 2 லிட்டர் தண்ணீரில் கரைத்து, முந்தைய நாள் மாலையில் தொடங்கி இரவுக்குள் முழுவதையும் குடித்துவிட வேண்டும் என்பதுதான் அப்போது கொடுத்த அறிவுரை. பாதிக்கு மேல் குடித்த பிறகு வாந்தி எடுத்துவிட்டார். இப்போது அந்தக் கரைசலைப் பற்றிப் பேச்செடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். சிறிய பாட்டிலில் வரும் பாஸ்பேட் திரவம் குடித்தால் இவ்வளவு சிரமம் இல்லை என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். அதைக் கொடுக்கலாமா? பாதியை இரவிலும் பாதியை விடியற்காலையிலும் குடிப்பதால் உண்மையிலேயே பலன் உண்டா? அடுத்த பரிசோதனை காலை 10 மணிக்கு.

பதில்: எண்டோஸ்கோபி செவிலி

உங்கள் தந்தையாருக்கு இரத்தச் சோகை என்பதால் முதலில் ஒன்றைக் கேட்கிறேன். அவர் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறாரா? சாப்பிடுகிறார் என்றால், மருத்துவரிடம் சொல்லிவிட்டு, பரிசோதனைக்கு 5 முதல் 7 நாட்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். இரும்பு மலத்தைக் கருமையாக்கிக் குடல் சுவரில் பசைபோல ஒட்டவைத்துவிடும்; எவ்வளவு தண்ணீர் பீய்ச்சினாலும் எளிதில் போகாது.

உணவிலும் கவனம் வேண்டும். முந்தைய நாள் குழைந்த வெள்ளைச் சோறு, இட்லி, தயிர் போன்ற நார் குறைந்த உணவு போதும். நாள் முழுவதும் பட்டினி கிடக்கத் தேவையில்லை. கீரை, கொய்யா, கத்தரிக்காய், தக்காளி, தேங்காய்த் துருவல் ஆகியவற்றை இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பே விட்டுவிடுங்கள். தாளிப்பையும் மறந்துவிடாதீர்கள். கடுகும் கறிவேப்பிலையும் கத்தரி விதையும் அப்படியே முழுசாகத் திரையில் தெரிவதையும், கருவியின் உறிஞ்சு துளையை அடைத்துக்கொள்வதையும் வேலையில் அடிக்கடி பார்க்கிறேன். கரைசல் தொடங்கிய பிறகு பால் சேராத தெளிந்த நீராகாரம் மட்டுமே: வடிகட்டிய எலுமிச்சைச் சாறு, பால் இல்லாத தேநீர், சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால் இளநீர். ரோஸ் சர்பத், மாதுளைச் சாறு போன்ற சிவப்பு நிறப் பானங்கள் வேண்டாம். உள்ளே பார்க்கும்போது இரத்தம் என்று மயங்க வைக்கும்.

வாந்தி வராமலிருக்க, கரைசலை முன்கூட்டியே கலந்து குளிரவைத்து, 10 முதல் 15 நிமிடத்துக்கு ஒரு குவளையாக 250 மில்லி கொடுங்கள். குமட்டினால் அரை மணி நேரம் நிறுத்திவிட்டு மெதுவாகத் தொடரலாம். இடையில் கொஞ்சம் நடப்பது நல்லது. கடைசியில் கழிவது கலங்கலின்றி, சிறுநீர்போலத் தெளிந்த மஞ்சளாக இருக்க வேண்டும்.

பதில்: குடல்நல மருத்துவர், கோவை

பாஸ்பேட் திரவத்தை உங்கள் தந்தையாருக்குக் கொடுக்கவே கூடாது. அளவு குறைவாக இருப்பதால் குடிக்க எளிதாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது உடலிலுள்ள நீரையே குடலுக்குள் இழுத்துச் சுத்தம் செய்கிறது. உறிஞ்சப்படும் பாஸ்பேட் சிறுநீரக நுண்குழாய்களில் கால்சியத்தோடு சேர்ந்து படிந்து நிரந்தரச் சேதத்தை உண்டாக்கக்கூடும். இதனால்தான் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2008 டிசம்பரில் கடுமையான எச்சரிக்கை விடுத்தது. 55 வயதைக் கடந்தவர்கள், சிறுநீரகம் பலவீனமானவர்கள், டெல்மிசார்ட்டான், எனலாபிரில் போன்ற இரத்த அழுத்த மாத்திரைகளையோ நீர் மாத்திரைகளையோ வலி மாத்திரைகளையோ எடுப்பவர்கள் எல்லோரும் இந்த ஆபத்துக்கு உட்பட்டவர்கள். உங்கள் தந்தையாரின் வயதும் நோய்களும் அப்படியே இந்தப் பட்டியலில் வருகின்றன.

பெக் கரைசல் வேறு வழியில் வேலை செய்கிறது. 1980இல் டேவிஸும் ஃபோர்ட்ரானும் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த வடிவம் அது. பாலிஎத்திலீன் கிளைகாலின் பெரிய மூலக்கூறு உறிஞ்சப்படாமல் தண்ணீரைக் குடலுக்குள்ளேயே நிறுத்திவைக்கிறது. அதோடு சேர்த்துள்ள சோடியம் சல்பேட், உடல் உப்பை உறிஞ்சுவதைக் குறைக்கிறது. எனவே எவ்வளவு கழிந்தாலும் உடலின் நீரும் உப்பும் பெரிதாக மாறுவதில்லை. விலையாக நாம் கொடுப்பது அளவையும் சுவையையும்தான். சுவைக்காகச் சர்க்கரையைக் கரைசலில் கலந்துவிடாதீர்கள். குடல் பாக்டீரியா அதை நொதிக்கவைத்து எரியும் வாயுவை உண்டாக்கும். குடல் சுவரில் வளரும் சிறு கட்டியான பாலிப்பை மின்சாரத்தால் அறுக்கும்போது அது ஆபத்து. குடலைச் சுத்தம் செய்ய மானிட்டால் என்ற சர்க்கரை வகைப் பொருளைக் குடிக்கவைத்த காலத்தில் குடலுக்குள் வெடிப்பு நேர்ந்து உயிரிழப்பே ஏற்பட்டிருக்கிறது.

இனி உங்கள் முக்கியக் கேள்வி. பிரித்துக் குடிப்பதால் பலன் நிச்சயம் உண்டு. என் அனுபவத்தில், எந்த மருந்து என்பதைவிட எப்போது குடிக்கிறோம் என்பதே முடிவை அதிகம் தீர்மானிக்கிறது. இரவே குடித்து முடித்தால், அதன் பிறகு விடிய விடியச் சிறுகுடலிலிருந்து பித்தம் கலந்த நீரும் சளியும் பெருங்குடலின் வலப்பக்கத்துக்கு வந்துகொண்டே இருக்கும். காலையில் அது அங்கே ஒரு படலமாக ஒட்டியிருக்கும். தட்டையான பாலிப்புகள் வலப்பக்கத்தில்தான் அதிகம் ஒளிந்திருக்கின்றன. அந்தப் படலம் அவற்றை முழுவதுமாக மறைத்துவிடும். உங்கள் தந்தையாரின் குடலில் வலப்பக்கம் தெரியாமல் போனதற்கு, வாந்தியில் வெளியேறிய மருந்தோடு இந்த இடைவெளியும் காரணமாக இருந்திருக்கும். ஒரே அமர்வில் குடிக்கும் அளவு பாதியாகக் குறைவதால், பிரித்துக் குடிப்பவர்களுக்குக் குமட்டலும் வயிற்று உப்புசமும் குறைகின்றன. சுத்தமும் கூடுகிறது, தாங்குவதும் எளிதாகிறது. ஐரோப்பிய இரைப்பைக்குடல் எண்டோஸ்கோபிச் சங்கத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் இதையே பரிந்துரைக்கிறது.

10 மணிப் பரிசோதனை என்றால், முதல் லிட்டரை முந்தைய நாள் மாலை 6 மணிக்குத் தொடங்கலாம். இரண்டாவது லிட்டரைக் காலை 5 மணிக்குத் தொடங்கி 7 மணிக்குள் முடிக்கலாம். மயக்க மருந்துக்காகக் கடைசி 2 மணி நேரம் தண்ணீர்கூடக் கூடாது. சர்க்கரை நோயாளிகளுக்கும் மலச்சிக்கல் உள்ளவர்களுக்கும் குடல் மெதுவாக இயங்குவதால் 2 லிட்டர் போதாமல் போவதுண்டு. முன்பு ஒருமுறை சரியாகவில்லை என்பதை மருத்துவரிடம் சொன்னால், அளவைக் கூட்டுவதா, சில நாட்களுக்கு முன்பே மலமிளக்கி தொடங்குவதா என்று அவர் முடிவு செய்வார். நுரை குறைய சிமெதிக்கோன் சேர்க்கலாமா என்றும் கேளுங்கள்.

முடிந்த பிறகு அறிக்கையில் குடலின் சுத்தத்தை அளக்கும் பாஸ்டன் மதிப்பெண் இருக்கிறதா என்று பாருங்கள். வலம், நடு, இடம் என மூன்று பகுதிகளுக்கும் 0 முதல் 3 வரை கொடுப்பார்கள். ஒவ்வொன்றிலும் 2 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் முடிவை நம்பலாம்.

மறுமொழி: பொருநைக்கரை

இவ்வளவு விரிவாக விளக்கிய இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இரும்பு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். நிறுத்தச் சொல்லி யாரும் அறிவுறுத்தவில்லை. இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன, ஐயா. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினோடு டபாகிளிஃப்ளோசின் மாத்திரையும் எடுக்கிறார். அவற்றை எப்போது நிறுத்துவது? எங்கள் ஊரிலிருந்து மருத்துவமனைக்குப் பேருந்தில் ஒன்றரை மணி நேரம் ஆகும். காலையில் கரைசலைக் குடித்துவிட்டு அவரால் எப்படிப் பயணம் செய்ய முடியும்?

பதில்: தாயைக் கவனித்தவள்

என் அம்மாவுக்கும் இதே கவலை இருந்தது. மருத்துவமனைக்குப் பக்கத்தில் முந்தைய நாளே அறை எடுத்துத் தங்கினோம். கழிப்பறை விளக்கை இரவு முழுவதும் எரியவிட்டு, தரை ஈரமாகாமல் பார்த்துக்கொண்டேன். வயதானவர்கள் அவசரத்தில் வழுக்கி விழுந்துவிடக்கூடும் அல்லவா? ஆசனவாயைச் சுற்றித் தொடக்கத்திலேயே தேங்காய் எண்ணெய் தடவியதால் எரிச்சல் பெரிதாக இல்லை.

பதில்: குடல்நல மருத்துவர், கோவை

சகோதரி சொன்னபடி தங்க முடிந்தால் அதுவே சிறந்தது. முடியாவிட்டால், நேரத்தைப் பிற்பகலுக்கு மாற்றித்தரக் கேளுங்கள். பிற்பகல் பரிசோதனைக்கு முழு அளவையும் அன்று காலையிலேயே குடிக்கலாம். கடைசிக் குவளைக்குப் பிறகு பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு மணி நேரத்தில் போக்கு அடங்கிவிடும். அதன் பிறகு புறப்படுமாறு நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.

டபாகிளிஃப்ளோசினைப் பொதுவாக 3 நாட்களுக்கு முன்பே நிறுத்துவோம். பட்டினியோடு சேர்ந்தால், சர்க்கரை அளவு சாதாரணமாக இருக்கும்போதே இரத்தத்தில் கீட்டோன் அமிலம் கூடிவிடக்கூடும். மெட்ஃபார்மினையும் இரத்த அழுத்த மாத்திரையையும் பற்றி அவருடைய சர்க்கரை நோய் மருத்துவர் சொல்வதே இறுதி. கரைசலுக்கு ஒரு மணி நேரத்துக்குள் விழுங்கும் எந்த மாத்திரையும் உறிஞ்சப்படாமல் அடித்துச் செல்லப்படலாம் என்பதால், எடுக்க வேண்டியவற்றை அதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். குளுக்கோமீட்டரைக் கையில் வைத்திருங்கள். சர்க்கரை தாழ்ந்தால் குளுக்கோஸ் தண்ணீரைத் தனியாகக் கொடுங்கள். கொடுத்ததை மயக்க மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.