ஐவிஷாக் ஆற்றில் பேக்ராஃப்ட் பயணம்: இறைச்சிச் சுமை பற்றி உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸில் வசிக்கிறேன். ஆகஸ்ட் கடைசியில் நானும் ஒரு நண்பரும் புரூக்ஸ் மலைத்தொடரின் வடபுறம் சிறிய விமானத்தில் இறங்கி, பேக்ராஃப்டில் (முதுகில் சுமந்து போகக்கூடிய, காற்றடைக்கும் சிறு படகு) ஐவிஷாக் ஆற்றோடு மிதந்து, அது சாகவனிர்க்டோக் ஆற்றில் கலந்த பிறகு டால்டன் நெடுஞ்சாலையில் ஏறுவதாகத் திட்டம். டாலி வார்டன் மீன் கடலிலிருந்து ஆறேறும் பருவம் அது. வேட்டையில் ஆளுக்கு ஒரு காரிபூ (வடதுருவப் பகுதி மான்) கிடைத்தால் இன்னும் மகிழ்ச்சி.

என் கவலையே அந்தக் காரிபூதான். அலாஸ்கா சட்டப்படி கால், விலா, கழுத்து, முதுகு என உண்ணத்தக்க இறைச்சி முழுவதையும் கொண்டுவர வேண்டும். சட்டம் இல்லாவிட்டாலும் அதுதான் நியாயம். பெரிய கடாவாக இருந்தால் எலும்பு நீக்கியும் 40 கிலோவைத் தாண்டும். ஒற்றை ஆள் படகில் அதோடு கூடாரம், கரடி புகாத உணவுப் பெட்டி எல்லாம் ஏற்றினால், பல கிளைகளாகப் பிரிந்து ஓடும் ஆழமில்லாத ஆற்றில் தரை தட்டாதா?

சில பேக்ராஃப்ட்களில் காற்றுக்குழாய்க்குள்ளேயே பொருள் வைக்க ஜிப் இருக்கும்; இறைச்சியை அதற்குள் வைத்து மூடினால் காற்றோட்டமின்றிக் கெட்டுவிடும் என்று நினைக்கிறேன். துணிப்பையில் முன்பக்கம் கட்டியவர்கள் இருக்கிறீர்களா? படகு திரும்ப மறுக்கிறதா?

அப்புறம், நெடுஞ்சாலையின் இருபுறமும் 5 மைலுக்குள் துப்பாக்கியால் வேட்டையாட முடியாது, வில் மட்டும்தான். ஆற்றில் வரும்போது அந்த எல்லையை எப்படிக் கணிக்கிறீர்கள்?

அந்தப் பக்கம் மிதந்தவர்கள் தயவுசெய்து விவரமாக எழுதுங்கள்.